நீச்சல் குளத்தில் பாட்டுக் கச்சேரி

வெம்பிளி அரீனாவுக்கு இப்போது என்ன பெயர் என்பதை மகளிடம் கேட்டுத்தான் நான் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. "ஓவோ அரீனா அப்பா, எத்தினை தரம் சொல்லுறது" என்று அவள் அலுத்துக்கொள்வாள். என்னில் மட்டும் பிழை சொல்ல முடியாது. 1934-இல் கட்டியபோது எம்பயர் நீச்சல் குளம் என்று பேரரசின் பெயரையே வைத்தார்கள். 1978-இல் பேரரசும் குளமும் ஒருசேரக் கழன்றுபோக வெறும் வெம்பிளி அரீனா ஆனது. 2014-இல் மின்சாரம் விற்கிற எஸ்எஸ்இ கொம்பனியின் பெயர் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தக் கொம்பனியின் வீட்டு மின்சார வியாபாரத்தை ஓவோ வாங்கிவிட, 2022-இல் மண்டபத்தின் நெற்றியிலும் அந்தப் பெயர் ஏறியது. சூரியன் மறையாத பேரரசில் தொடங்கிய கட்டடம், கடைசியில் சூரியன் மறைந்த பிறகு லைற் போடுகிறவர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

எண்பதுகளின் நடுவில் நான் லண்டனுக்கு வந்து அல்பேர்ட்டனில் ஓர் அறையில் நாலைந்து பேராகக் குடியிருந்த காலத்தில், பழைய ஆட்கள் அதை இன்னமும் நீச்சல் குளம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் இரவுவேலை செய்த பெற்றோல் ஷெட்டுக்குச் சிகரெட் வாங்க வருகிற ஒரு வெள்ளைக்காரக் கிழவனார், கண்ணாடிக்கு அப்பால் நின்றபடி, 1948 ஒலிம்பிக்கின்போது அங்கே நீச்சல் பார்த்ததையும், நீச்சல் முடிந்த கையோடு குளத்துக்கு மேலே பாலம் மாதிரித் தட்டி போட்டு அதில் குத்துச்சண்டை நடத்தியதையும், குளிர்காலத்தில் அதே இடம் பனித்தளமாகி ஐஸ் ஹொக்கி விளையாடியதையும் சொல்லுவார். ஊரிலிருந்து புதிதாக வந்த பொடியன் எதையும் நம்புவான் என்று நினைத்துக் கதை விடுகிறார் என்று எண்ணி, மீதிச் சில்லறையைத் தள்ளிவிட்டுத் தலையை மட்டும் ஆட்டுவேன். அவ்வளவும் உண்மை என்று பின்னாளில் நூலகத்தில் தெரிந்தபோது அவரிடம் இன்னும் கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. அதற்குள் அந்த ஷெட்டும் இல்லை, சிகரெட் வாங்க ஆளும் இல்லை.

1924-இல் வெம்பிளியில் நடந்த பேரரசுப் பொருட்காட்சியில் இலங்கைக்கும் ஒரு மண்டபம் இருந்தது. அந்தப் பொருட்காட்சிக் கட்டடங்களில் வேலைசெய்த ஓவன் வில்லியம்ஸ் என்ற பொறியியலாளர்தான் பத்து வருஷம் கழித்து இந்தக் குளத்தையும் கட்டினார். இருநூறு அடி நீளம், அறுபது அடி அகலம். அதற்கு மேலே இருநூற்று நாற்பது அடிக்கு நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் கொங்கிறீற் கூரை. கூரையின் பாரத்தை வெளியே செங்குத்தாக நிற்கிற தடித்த கொங்கிறீற் சுவர்கள் இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. 1934 பேரரசு விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டி, 1948 ஒலிம்பிக்கோடு நீச்சல் முடிந்துபோனது. அதே 1948-இல் பக்கத்து ஸ்ரேடியத்தில்தான் டங்கன் வைற் நானூறு மீற்றர் தடை தாண்டலில் வெள்ளி வாங்கி, சிலோனுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தார். பெற்றோல் ஷெட்டில் ஒரு ஆங்கிலேயரிடம் இதைச் சொல்ல எனக்கு எவ்வளவோ சந்தர்ப்பம் கிடைத்தது; அப்போது எனக்கே தெரியாது.

நான் வந்த நேரம், வரவேண்டியவர்கள் எல்லாரும் வந்து பாடிவிட்டுப் போயிருந்தார்கள். 1966 மே முதலாம் திகதி பீற்றில்ஸ் அங்கே கால்மணி நேரம் பாடியதுதான் பிரிட்டனில் அவர்கள் ரிக்கற்காரர்களுக்குப் பாடிய கடைசிக் கச்சேரி. ஒப்பந்தத் தகராறில் தொலைக்காட்சிக்காரரைப் படம்பிடிக்க விடவில்லை. 1979 நவம்பரில் அபா ஆறு இரவு பாடினார்கள். இதையெல்லாம் தவறவிட்ட எனக்கு அந்த மண்டபத்தில் முதலில் வாய்த்தது பனிச்சறுக்கு நாட்டியம். அறைநண்பன் ஒருவனுக்கு வேலைத்தலத்தில் இரண்டு ரிக்கற் சும்மா கிடைத்தது. ஐஸ்பழத்துக்கு மேல் ஐஸைக் கண்டிராத இரண்டு யாழ்ப்பாணத்துப் பொடியள், வெம்பிளி ஞாயிறு சந்தையில் வாங்கிய, தோள் இரண்டு அங்குலம் வெளியே நிற்கும் கோட்டுகளோடு, அரைகுறை உடுப்பில் பனிமேல் வழுக்கிப் போகிற பெண்களைப் பார்த்தபடி, அவர்களுக்குக் குளிராதா என்பதைப் பற்றி இடைவேளை முழுக்க வாதாடினோம். கலை விமர்சனம் அதோடு முடிந்தது. ஆனால் அந்த ரிக்கற்றின் கிழித்த துண்டை நான் வெகுகாலம் பேர்சில் வைத்திருந்தேன். ஊருக்கு எழுதிய கடிதத்தில் 'வெம்பிளி மண்டபத்துக்குப் போனேன்' என்று மட்டும் எழுதினேன். பார்த்தது என்னவென்று எழுதவில்லை. அம்மா அதை ஏதோ பெரிய கூட்டத்துக்குப் போனதாக நினைத்து நாலு வீட்டில் சொல்லியிருக்கிறா.

ரிக்கற் என்றால் அப்போது அது ஒரு பொருள். மண்டபத்து யன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்று, முன்னால் நிற்பவர் எந்த ஆசனம் கேட்கிறார் என்று ஒட்டுக்கேட்டு, காசை எண்ணிக் கொடுத்து வாங்குகிற தடித்த கடதாசி. வாசலில் ஒருவர் பாதியைக் கிழித்துக்கொண்டு மீதியைத் தருவார். போனதற்கான அத்தாட்சி அது. இப்போது அது கைத்தொலைபேசிக்குள் கறுப்பு வெள்ளைக் கட்டமாக இருக்கிறது. வாங்கும்போது கணினியில் நமக்கு முன்னால் இத்தனை ஆயிரம் பேர் நிற்கிறார்கள் என்று காட்டுகிறது. அவர்களின் முகமும் தெரியாது, கதையும் கேட்காது. ஒருமுறை வாசலில் என் தொலைபேசி அணைந்துவிட்டது. காசு கொடுத்தவன், வங்கிக் கணக்கில் கழிந்தவன், கழுவித் தேய்த்த வேட்டியோடு நிற்கிறவன், ஆனாலும் அந்த நிமிஷத்தில் நான் யாருமில்லை. மகள் பின்னாலிருந்து சார்ஜரோடு ஓடிவந்தாள். பேட்டரி இல்லாதவனுக்கு இசை ரசனையும் இல்லை என்பதுதான் இந்தக் காலத்துச் சட்டம்.

ரிக்கற்றே இல்லாமல் கேட்ட பாட்டைச் சொல்லாமல் விட்டால் என் வெம்பிளிக் கதை முழுமையாகாது. 1988 ஜூன் 11, சனிக்கிழமை, நெல்சன் மண்டேலாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குப் பக்கத்து ஸ்ரேடியத்தில் நடந்த கச்சேரி. மண்டேலா அப்போது சிறையில். உள்ளே போகக் காசில்லை. ஆனால் பழைய ஸ்ரேடியம் மேலே திறந்ததுதானே, சத்தத்துக்குக் காவல் போட முடியுமா? வெளியே ஒரு மேட்டில் சாக்கு விரித்தமாதிரிக் கோட்டை விரித்து, ஒரு பொட்டலம் சிப்ஸை மூன்று பேர் பகிர்ந்து, காற்று திரும்புகிற பக்கமெல்லாம் காதைத் திருப்பிக்கொண்டு கேட்டோம். பாதிச் சொல் காற்றில் போகும். போன சொல் என்னவென்று ஆளுக்கு ஒன்றாக இட்டுக்கட்டுவோம். ஸ்ரீவி வொண்டரின் இசைக்கருவிக்குரிய வன்தட்டு காணாமல்போய், அந்த இடைவெளியை நிரப்ப ட்ரேசி சாப்மன் ஒற்றைக் கிற்றாரோடு இரண்டாவது தடவை மேடையேறி, அந்த ஒரே இரவில் உலகப் புகழ் பெற்றார் என்பது எங்களுக்கு மறுநாள்தான் தெரியும். மேட்டில் இருந்தபோது கேட்டதெல்லாம் யாரோ ஒரு பெண்ணின் கனத்த குரல், கிற்றார், திடீரென்று அடங்கிப்போன சனத்தின் சத்தம். அவ்வளவு பெரிய கூட்டம் ஒரு குரலுக்காக வாய்மூடுவதை வெளியே இருந்து கேட்டவர்களுக்குத்தான் அதன் அளவு தெரியும் என்று இன்றைக்கும் வாதிடுவேன். வசதியில்லாதவனின் வாதம் என்று மனைவி சொல்லுவா.

அந்த ஸ்ரேடியத்தின் இரட்டைக் கோபுரங்களை 2003-இல் இடித்தார்கள். இப்போது 133 மீற்றர் உயரத்தில் ஒரு வளைவு நிற்கிறது; அழகுதான், விமானத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிறது. அரீனாவை இடிக்க முடியவில்லை, 1976-லேயே பாதுகாக்கவேண்டிய கட்டடமாகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஆகவே அதை இடிக்காமல் திருப்பி வைத்தார்கள். 2006-இல் புதுப்பித்துத் திறந்தபோது மேற்கே இருந்த முகப்பு முதுகாகிப்போனது, கிழக்கே முதுகாக இருந்தது முகப்பானது. வெளியே ஒரு சதுக்கம், தண்ணீர் பீச்சுகிற ஊற்றுகள், மடோனா தொடங்கிப் பாடகர்களின் கைத்தடங்கள். உள்ளே பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு இடம். அந்தக் கைத்தடங்களில் தன் கையை வைத்துப் படமெடுக்காத தமிழ்க் குடும்பம் வெம்பிளியில் உண்டா? என் கையும் ஒரு படத்தில் இருக்கிறது. யாருடைய தடம் என்று கேட்காதீர்கள்.

இந்த மாற்றங்களுக்கு இடையில் நானும் ஒரு மாதிரி திருப்பி வைக்கப்பட்டேன். பெற்றோல் ஷெட் போய் அலுவலகம் வந்தது, அறை போய் வீடு வந்தது, ஈலிங் ரோட்டில் குஜராத்திக் கடைகளுக்கு நடுவே எங்கள் கடைகளும் கோயிலும் வந்தன. கடைசியில் 2017 ஜூலை 8, வெம்பிளி அரீனாவில் ஏ. ஆர். ரகுமான். கச்சேரிக்குப் பெயரே 'நேற்று இன்று நாளை'. நேற்று மேட்டில் கோட்டை விரித்திருந்தவன் இன்று காசு கொடுத்த ஆசனத்தில் இருக்கிறேனே என்று எனக்கு அந்தத் தலைப்பு என் தனிப்பட்ட வரலாறாகவே பட்டது.

அன்று என்ன நடந்தது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். தமிழ்ப் பாட்டு கூடிப்போய்விட்டது என்று ஹிந்தி ரசிகர்கள் சிலர் நடுவில் எழுந்துபோனார்கள். காசைத் திருப்பித் தா என்று இணையத்தில் முழங்கினார்கள். அடுத்தடுத்த நாள்களில் அது இந்தியப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. தலைப்பைத் தமிழில் வைத்த கச்சேரியில் தமிழ் கேட்டதற்காக ஒருவர் அதிர்ச்சியடையலாம் என்பது எனக்குப் புதிய செய்தி. எத்தனை ஹிந்திப் பாட்டை நாங்கள் ஒரு சொல்லும் விளங்காமல், விளங்கினமாதிரித் தலையாட்டிக் கேட்டிருப்போம்! பேரரசின் நீச்சல் குளத்துக்குள், பேரரசின் இரண்டு பழைய குடிமக்கள், எந்த மொழியில் பாடவேண்டும் என்று கோபித்துக்கொண்டார்கள். எனக்கு முன்வரிசையில் இருந்த பொடியனுக்கு அந்தக் கவலை ஒன்றுமில்லை. ரகுமான் மேடையில் இருந்தார்; மேடைக்குப் பக்கத்துப் பெருந்திரையில் ரகுமான் இருந்தார்; பொடியன் திரையைத் தொலைபேசியில் பிடித்துக்கொண்டிருந்தான்; நான் அவனுடைய தொலைபேசியில் ரகுமானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் மெல்லிய பாட்டு வந்தால் சனம் சிகரெட் லைற்றரைக் கொளுத்தி உயர்த்தும். விரல் சுடும்வரைக்கும்தான் உருக்கம், பிறகு கை மாற்ற வேண்டும். தொலைபேசி வெளிச்சம் சுடுவதில்லை, ஆகவே உருக்கத்துக்கும் முடிவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: இருக்கை சொகுசு, கழிப்பறை தாராளம், வாசலில் கைகாட்டி உதவ ஆள். சத்தம் மட்டும் எனக்கு இன்னும் சந்தேகம். தண்ணீர் தெறிப்பதற்காகக் கட்டிய கொங்கிறீற் பெட்டிக்குள் எவ்வளவு புதிய ஸ்பீக்கரைத் தொங்கவிட்டாலும் மிருதங்கத்தின் ஓர் அடி இரண்டாகத் திரும்பி வருகிறது. இளசுகளுக்கு அது பிடித்திருக்கிறது. காசு கொடுத்ததற்கு இரட்டிப்பு லாபம் என்கிறாள் மகள்.

எனக்குப் பெருங்குறை திரும்பி வருகிற வழியில்தான். அந்தக் காலத்தில் கச்சேரியோ பனிநாட்டியமோ முடிந்தால் ஒலிம்பிக் வே வழியாகச் சனத்தோடு சனமாக இறங்கி — 1948-க்காக ஜெர்மன் போர்க்கைதிகளின் உழைப்பும் சேர்ந்து போடப்பட்ட பாதை அது — ரயிலுக்குக் கொடுக்கிற காசை மிச்சம்பிடிக்க அல்பேர்ட்டன்வரை நடந்தே போவோம். பாட்டை வாயால் மறுபடி போட்டுப் பார்க்கிற நேரம் அது. தாளம் யார், வயலின் யார் என்று பங்கு பிரித்துக்கொள்வோம். இப்போது வழி முழுக்க மாடிவீடுகளும் கடைகளும், பழைய ஸ்ரேடியச் சாய்தளம் இருந்த இடத்தில் படிக்கட்டு. போபி மூர் பாலத்தின் கீழே வெம்பிளியின் விளையாட்டையும் ஆட்டபாட்டத்தையும் ஓடுகளில் பதித்திருந்த சித்திரங்களை 2013-இல் விளம்பரப் பலகைகளால் மூடினார்கள். பிறகு ஊரவர்கள் சத்தம்போட்டுச் சிலவற்றை வெளியே எடுத்தார்கள். நான் அதையெல்லாம் பார்ப்பதேயில்லை. ஏனென்றால் நான் காரில் போகிறேன். கார் பார்க்குக்கு முன்கூட்டியே காசு கட்டியிருக்கிறேன், எல்லாரும் ஒன்றாக வெளியேறினால் ஒரு மணித்தியாலம் அசையமுடியாது, ஆகவே கடைசிக்கு முதல் பாட்டில் எழுந்து, முழங்கால்களை மிதித்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே ஓடுகிறேன். மேட்டில் கோட்டை விரித்துக் கடைசி ஸ்பீக்கர் அணையும்வரைக் கிடந்த பொடியன் இதைக் கண்டால் என்னைச் சேர்த்திருக்கமாட்டான்.

நீங்கள் போவதாக இருந்தால் காரை வீட்டில் விட்டுவிடுங்கள். வெம்பிளி பார்க் நிலையத்தில் இறங்கினால் மண்டபம் நடை தூரம்தான், மெற்றோபொலிற்றனும் ஜூபிலியும் இரண்டுமே அங்கே நிற்கும். அரைமணி முன்னதாகப் போய் மேற்குப் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி ஓவன் வில்லியம்ஸ் கட்டிய அந்தக் கொங்கிறீற் சுவர்களைத் தொட்டுப் பாருங்கள். அதற்கு ரிக்கற்றும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். பிறகு உள்ளே போய்க் கடைசிப் பாட்டுவரைக்கும் இருங்கள்.