குன்சும் கணவாய்க்கு ஓட்டு இல்லை

இமாச்சலின் சந்திரதால் ஏரிக்கு 4 ஜீப், 11 பேர். வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வைத்துத் தேதி குறித்தோம்: மே 10. வழியில் 4,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உட்கார்ந்திருக்கும் குன்சும் கணவாயை யாரும் கேட்கவில்லை. எல்லைச் சாலைகள் அமைப்பு பனியை வெட்டி வழிவிட, பல வருடங்களில் ஜூன் ஆகிவிடும் என்றேன்.

“ஃபோர் வீல் டிரைவ் பின்ன எதுக்குப்பா?” என்றார் நண்பர்.

ஆளுயரப் பனிச்சுவருக்கு முன்னால் நான்கு சக்கரமும் ஒற்றுமையாகச் சுழலும், அதற்குத்தான்.

சரி, ஜூன் என்றால்? காலையில் காலை நனைக்கும் ஓடை, வெயிலேறிப் பனி உருகினால் மதியம் ஜீப்பையே உருட்டப் பார்க்கும். விடியலிலேயே அதைத் தாண்டியாக வேண்டும் என்றதும் மூவர் கழன்றுகொண்டார்கள். ஏரிக்கரையில் கூடாரம் போடத் தடை என்றதும் மேலும் இருவர். மிச்சப் பேர், பிரியாணி அண்டா யார் ஜீப்பில் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.