கடத்தலும் கடத்துதலும்: ஹூக்ளியை முன்வைத்து ஓர் இலக்கண ஆய்வு

'கட' என்னும் வினையடிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது கடத்தல், தானே தாண்டிப் போவது, தன்வினை. இளையது கடத்துதல், பிறர் தூக்கிக்கொண்டு போவது, பிறவினை. (செய்தித்தாள்கள் 'தங்கக் கடத்தல்' என்றெழுதி இரண்டையும் குழப்பிவிட்டன.) கொல்கத்தாவுக்கும் ஹவுராவுக்கும் நடுவே ஓடும் ஹூக்ளியை நாள்தோறும் தாண்டும் பெருங்கூட்டம் இவற்றில் எதைச் செய்கிறது என்று இலக்கண நூலார் எவரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அக்குறை ஈண்டுத் தீர்க்கப்படுகிறது.

2024 மார்ச்சில் ஓடத் தொடங்கிய சுரங்க மெட்ரோவில் ஐயத்துக்கே இடமில்லை. ஆற்றுக்கு அடியில் 520 மீட்டர், 45 விநாடி. சுவரில் நீல விளக்கு தெரிந்தால் தலைக்குமேல் கங்கை என்று பொருள். கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்குமுன் அக்கரை வந்துவிடும். பயணி கடக்கவில்லை, கடத்தப்பட்டார்.

வித்யாசாகர் பாலத்துக்கு 1972இல் அடிக்கல் நாட்டி 1992இல் திறந்தார்கள். ஆற்றைத் தாண்ட இருபது ஆண்டு என்பது பாலத்தின் சாதனையே அன்றி மனிதருடையதன்று. மேலே செல்வோம்.

ஆய்வாளரைத் திணறடிப்பது ஹவுரா பாலம். ஜப்பான் குண்டுக்கு அஞ்சி 1943 பிப்ரவரியில் ஆரவாரமின்றித் திறக்கப்பட்டது. 26,500 டன் எஃகு. நடைபாதையில் ஏறுபவர் தம் காலால் நடப்பதாகவே நம்புகிறார். முன்னால் தலையில் கூடையோடு ஒரு சுமைதூக்கி, பின்னால் இன்னொருவர். நின்றால் வசவு. கால் நம்முடையது, வேகம் கூட்டத்துடையது. இது என்ன வினை? ஒன்றில் மட்டும் பாதசாரி முழுச் சுதந்திரர்: பான் எச்சில் துப்புவதில். தொங்குகம்பங்களின் அடியைக் காத்த 6 மில்லிமீட்டர் எஃகுக் கவசம் பாதிக்கும் கீழாக அரித்துப்போய், கண்ணாடியிழை உறை மாட்ட வேண்டியதாயிற்று. ஜப்பானியரால் ஆகாததைச் சுண்ணாம்பும் பாக்கும் அரைவாசி முடித்துவிட்டன.

எஞ்சியது லாஞ்ச். ஹவுரா ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்தால் எதிரிலேயே படகுத்துறை. இழுத்துப் போவது எஞ்சின் என்பதால் பிறவினை என்றே குறித்து வைத்திருந்தேன். நடு ஆற்றில், பக்கத்தில் நின்ற மூதாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காசை நீரில் போட்டுக் கும்பிட்டார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். டிக்கெட் எடுத்த மீதியில் ஐந்து ரூபாய் இருந்தது, போட்டேன்.

அந்தக் காசு கடக்கவுமில்லை, கடத்தப்படவுமில்லை. வகைப்பாட்டைத் திருத்தியாக வேண்டும்.