ஏரியில் நடந்து பாருங்கள்

கேள்வி: மட்டக்களப்பின் கல்லடியிலிருந்து பின்லாந்துக்கு, யூவாஸ்கூலாவுக்குப் பரிமாற்று மாணவியாகக் கல்வியியல் படிக்க வந்திருக்கிறேன். ஏரியே உறைந்து கிடக்கிறது. நம் வாவியும் பாடும் மீனும் நினைவில் வந்து வாட்டுகின்றன. எப்படிப் பழகுவது?

பதில்: தங்கச்சி, நம் வாவியைக் கடக்கப் பாலமோ வள்ளமோ வேண்டும், உறைந்த அந்த ஏரியைக் கடக்கச் சப்பாத்தே போதும்! உள்ளூரார் நடக்கும் தடத்தில் மட்டும் நடந்து செல்லுங்கள். கல்வியியல் படிக்கவும் ஏற்ற இடம்தான்: 1863இல் பின்னிய மொழியிலேயே ஆசிரியர்களைப் பயிற்றத் தொடங்கிய ஊர் யூவாஸ்கூலா. அங்குள்ள பள்ளிகளில் பிள்ளைகள் ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முதலில் காது சுடும், பிறகு இனிக்கும். 45 நிமிடப் பாடம், 15 நிமிட இடைவேளை. அந்த இடைவேளையில் பிள்ளைகளோடு முற்றத்தில் நில்லுங்கள், மொழி ஒட்டிக்கொள்ளும். வெளியே கற்றதை ஊருக்குக் கொண்டுவருவது நமக்குப் புதிதல்ல: சுவாமி விபுலானந்தர் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் பயின்று திரும்பித்தான் 1929இல் உங்கள் கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். நீங்கள் திரும்பி வரும்போது அந்த 15 நிமிட இடைவேளையைக் கொண்டுவாருங்கள். நம் பிள்ளைகளுக்கு அது வேண்டும்.