அம்மாவை நல்ல இடத்தில் சேர்ப்பது எப்படி?

முதலில் காத்திருக்க வேண்டும். அம்மா தன் காலால் நடந்து கடைக்குப் போய் கொத்தமல்லிக் கட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கும் காலத்தில், "உனக்கு முடியாமல் போனால் எங்கே இருக்கப் பிடிக்கும்?" என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் பதில் சொல்லிவிடுவாள். அப்புறம் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குளியலறையில் வழுக்கி விழும்வரை பேச்சையே எடுக்காமல் இருப்பது உத்தமம். எங்கள் வீட்டில் கழிப்பறைச் சுவரில் கை பிடிக்கிற கம்பி வைக்கும் வேலை ஆறு மாதம் தள்ளிப்போனது. ஓட்டை போட்டால் புது டைல்ஸ் விரிசல் விடும் என்று தடுத்தவன் நான்தான். கம்பியின் விலை எழுநூறு ரூபாய். இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்கு ஆன செலவை இங்கே எழுதினால் அண்ணன் மறுபடி கணக்குக் கேட்பார்.

ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் காலை ரவுண்ட்ஸில், "பாட்டி நல்லா இருக்காங்க, இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடலாம்" என்பார்கள். எழுந்து உட்காரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டிய பாட்டியைத்தான் சொல்கிறார்கள். இடம் தேட உங்களுக்கு மாலைவரை அவகாசம். ஒரு பட்டுப்புடவைக்கு மூன்று நாள் தி. நகரில் அலைந்த குடும்பம் நாங்கள். அம்மா இருக்கப்போகிற இடத்தை இரண்டே மணி நேரத்தில் முடிவு செய்தோம்.

இதற்கிடையில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குங்கள். எங்களுடையதற்கு 'அம்மா கேர்' என்று பெயர். நியூ ஜெர்சி அண்ணன் அதில் நம் நேரம் விடிகாலை மூன்று மணிக்குக் கட்டுரைகள் அனுப்புவார். கோயம்புத்தூர் அக்கா முடக்கத்தான் ரசம் பற்றி எழுதுவாள். சென்னையில் இருக்கிறவன் டயப்பர் அளவு மீடியமா லார்ஜா என்று கடையில் நின்றுகொண்டு கேட்டால் மட்டும் யாரும் பதில் போட மாட்டார்கள்.

சொல்லையும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'நர்சிங் ஹோம்' என்றால் நம் ஊரில் பிரசவம் பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரி. எழுபத்தொன்பது வயதில் அங்கே என்ன வேலை என்று சித்தி கேட்பார். 'முதியோர் இல்லம்' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் அடுத்த கல்யாணத்தில் நீங்கள் பந்தியில் தனியாக உட்கார வேண்டியதுதான். 'ரிஹாப்' என்று சொல்லுங்கள். யாருக்கும் முழுதாகப் புரியாது, அதனால் யாரும் திட்ட மாட்டார்கள்.

இனி இடத்தைப் பார்க்கப் போகலாம். பெண்ணுக்கு 'நல்ல இடம்' பார்க்கிற அதே கண்ணோடு போங்கள். முகப்பு முக்கியம். நாங்கள் பார்த்த இடத்தில் மீன் தொட்டி இருந்தது, பித்தளைப் பிள்ளையார் இருந்தார், காபி மெஷின் இருந்தது. பஜ்ஜி சொஜ்ஜி தரவில்லை, அது ஒன்றுதான் குறை. மேனேஜர் கைகூப்பி, "எங்க அம்மா மாதிரி பார்த்துக்குவோம் சார்" என்றார். (அவருடைய அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.) பிசியோதெரபி அறையையும் காட்டினார். நடை பழகுவதற்கான இரட்டைக் கம்பிகளில் பெட்ஷீட் காய்ந்துகொண்டிருந்தது. சுத்தமான பெட்ஷீட் என்பதால் எங்களுக்குத் திருப்தியாக இருந்தது.

இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேட்காதீர்கள். நான் கேட்காமல் இருந்ததால்தான் முதல் வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். பதினான்கு பேருக்கு இரண்டு பேர் என்று பிறகு தெரிந்தது. அழைப்பு மணியை அழுத்திப் பார்க்காதீர்கள். அதைவிட முக்கியம், கட்டிலில் படுத்துக்கொண்டு அதற்குக் கை நீட்டிப் பார்க்காதீர்கள். எங்கள் அம்மாவின் கட்டிலுக்கு மணி உண்டு, நன்றாகவும் ஒலிக்கும். இடுப்பு உடைந்தவளால் திரும்ப முடியாத பக்கத்துச் சுவரில் இருந்தது, அவ்வளவுதான்.

படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பார்கள். இல்லாவிட்டால் வால் எலும்பிலும் குதிகாலிலும் தோல் சிவக்கும், பிறகு புண்ணாகும். வருவதற்குச் சில மணி நேரம் போதும், ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆனால் கவலை வேண்டாம், அதற்கு ஓர் அட்டவணை உண்டு. கட்டிலின் கால்மாட்டில் தொங்கும். நான் ஒரு நாள் மாலை ஏழு மணிக்குப் பார்த்தேன். இரவு 10, 12, 2, 4, மறுநாள் காலை 6 என்று எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு முடித்திருந்தார்கள். அப்படி முன்கூட்டியே வேலை முடிக்கும் இடம் எளிதில் கிடைக்காது.

கூடவே அனுப்பும் பையில் கண்ணாடி, காது மெஷின், பல் செட் ஆகியவற்றை வைக்காதீர்கள். விலை உயர்ந்த பொருட்கள், தொலைந்துவிடும். நாங்கள் காது மெஷினையும் கண்ணாடியையும் வீட்டு பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்தோம். அதன் பலனைச் சமையல் குறிப்புபோலவே சொல்லிவிடலாம். காது கேட்காத, கண் சரியாகத் தெரியாத ஒரு வயதானவளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் இல்லாத அறையில், பகலும் இரவும் டியூப் லைட் எரிய, நான்கு நாள் ஊற வையுங்கள். இரவா பகலா என்று தெரியாமல் அவள் நடு ராத்திரியில் எழுந்து, பால்காரன் வந்தானா என்று கேட்பாள். "குழப்பமா இருக்காங்க" என்று நோட்டில் எழுதி, ஒரு தூக்க மாத்திரை சேர்க்கவும். மறுநாள் காலை பிசியோ வரும்போது அவளுக்குக் கண் திறக்காது. "ஒத்துழைக்கலை" என்று எழுதவும். நடை பழகாத கால் நாளுக்கு நாள் வலுவிழக்கும். பத்து நாளில், "இந்த வயசுல இதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க" என்ற பதம் வந்துவிடும். இறக்கிவிடலாம்.

எங்கள் வீட்டுப் பதார்த்தம் அந்தப் பதத்துக்கு வர ஒரு நாள் இருக்கும்போது அம்மா என்னை, செத்துப்போன தன் தம்பியின் பெயரால் கூப்பிட்டாள். முதியோர் மருத்துவர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் கட்டிலருகே நாற்காலி போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தார். தூக்க மாத்திரையை நிறுத்தினார். கண்ணாடியும் காது மெஷினும் எங்கே என்று கேட்டார். பகலில் எழுப்பி உட்கார வைக்கச் சொன்னார். தினசரி காலண்டர் ஒன்று வாங்கி, படுத்தபடியே தெரிகிற இடத்தில் மாட்டச் சொன்னார். மூன்றாம் நாள் அம்மா காலண்டரைப் பார்த்துவிட்டு, "பிரதோஷத்தன்னிக்குக் கூடவா உங்க ஆளுங்க வெங்காயம் போடுவாங்க?" என்று கேட்டாள். குழப்பம் தீர்ந்த அறிகுறி அது.

இப்படிப்பட்ட மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது நல்லது. சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. கிண்டியில் 2024-இல் திறந்த 200 படுக்கை கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோவை அனுப்புகிறார்கள். இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் மீன் தொட்டியைப் பார்த்திருக்க மாட்டோம்.

செலவைப் பற்றிப் பேசுவது நாகரிகம் இல்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. சேரும்போது சொன்ன தொகையில் கட்டிலும் சாப்பாடும் அடக்கம். டயப்பர், கையுறை, ஏர் பெட் வாடகை, பிசியோ எல்லாம் தனி. முக்கால் மணி நேரத்துக்குப் பணம் வாங்கும் பிசியோவை நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன்: பன்னிரண்டு நிமிடம். 'இன்ஷூரன்ஸ் இருக்கிறதே' என்று நிம்மதியாக இருங்கள். பாலிசியின் விலக்குப் பட்டியலை மட்டும் படிக்காதீர்கள். அதில் எக்ஸ்க்ளூஷன் 05 என்று ஒரு எண் உண்டு. ஓய்வு, மறுவாழ்வுப் பராமரிப்பு, குளிக்க வைப்பது, உடை மாற்றிவிடுவது, நடமாட உதவுவது ஆகியவற்றுக்கெல்லாம் பணம் இல்லை என்பது அதன் சாரம். எலும்பைச் சேர்க்கப் பணம் தருவார்கள். சேர்ந்த எலும்போடு கழிப்பறைவரை நடப்பது உங்கள் பாடு.

அப்பா ரயில்வேயில் இருந்தவர், அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வருகிறது. நவம்பரில் உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும். தேய்ந்துபோன விரலில் ரேகை விழவில்லை. ஆகவே போன் கேமராவை முகத்துக்கு நேரே பிடித்து, கண்ணைச் சிமிட்டச் சொன்னோம். அங்கே சேர்ந்த பிறகு யாரோ அம்மாவின் முகத்தைக் கண் கொட்டாமல் பார்த்தது அன்றைக்குத்தான்.

வீட்டை யார் பெயருக்கு எழுதுவது என்ற பேச்சை, அம்மா பேனா பிடிக்கும் நிலையில் இருக்கும்போதே முடித்துவிடச் சொல்லி உறவினர்கள் யாராவது யோசனை சொல்வார்கள். 2007-ஆம் வருடத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவை அவர்களிடம் சொல்லாதீர்கள். பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையில் எழுதி வாங்கிவிட்டுப் பார்க்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்க அதில் வழி இருக்கிறது. மனு கொடுக்க வேண்டிய இடம் கோட்டாட்சியர் அலுவலகம். ஜீவனாம்சமாக அதே சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். நாங்கள் ஏஜென்சிக்கு அட்டெண்டருக்காகக் கொடுத்தது மாதம் 27,000.

அந்த அட்டெண்டர் ஒடிசாவிலிருந்து வந்த பெண், இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். 27,000-இல் அவள் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்கக் கூடாது, கேட்டால் அடுத்த மாதம் ஆளை மாற்றிவிடுவார்கள். அவளுக்குத் தமிழில் தெரிந்தது தண்ணி, வலி, பாட்டி என்ற மூன்று சொற்கள். அம்மாவுக்கு ஒடியா ஒரு சொல்லும் தெரியாது. இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள்.

ஆகவே பார்க்கப் போகும்போது முதல் வேலையாக அந்தப் பெண்ணைத் திட்டுங்கள். தலை ஏன் வாரவில்லை, நகம் ஏன் வெட்டவில்லை என்று அம்மா காது கேட்கச் சத்தம் போட்டால் பிள்ளையின் பாசம் விளங்கும். நாம் இருப்பது ஒரு மணி நேரம். வாரத்தின் மீதி 167 மணி நேரமும் அம்மா அவள் கையில்தான் என்பது திரும்பும் வழியில் சிக்னலில் நிற்கும்போது ஞாபகம் வந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நல்ல நேரம். மைசூர்பாகு வாங்கிப் போங்கள். திங்கட்கிழமை சர்க்கரை ஏறினால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அண்ணனுக்கு வீடியோ கால் போட்டு, போனை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டுங்கள். அவர் "நல்லா இருக்கியாம்மா?" என்பார். அவள் "இருக்கேன்" என்பாள்.

"என்ன இருந்தாலும் நாங்க எங்க அம்மாவை வீட்டிலயே வெச்சுப் பார்த்துக்கிட்டோம்" என்று ஒருவர் உங்களிடம் கட்டாயம் சொல்வார். அவருடைய மனைவியைத் தனியே சந்திக்க நேர்ந்தால் பேச்சுக் கொடுங்கள். யார் பார்த்தார்கள் என்று அவர் சொல்வார். வீடு என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. எங்கள் வீட்டில் அந்தக் கம்பி இல்லையே.

ஒரு நாள் கரண்ட் போயிருந்த நேரத்தில் போனேன். அம்மாவின் பக்கத்துக் கட்டில் காலி. பேருந்தில் நின்றுகொண்டு வந்த களைப்பில் அதில் சற்றுப் படுத்தேன். படுத்தபோதுதான் அந்த இடம் தெரிந்தது. மீன் தொட்டி இல்லை, பிள்ளையார் இல்லை. கூரையில் ஒழுகிக் காய்ந்த மஞ்சள் வட்டம் ஒன்று, நின்றுபோன ஃபேனின் தூசு படிந்த இறக்கைகள். கரண்ட் வந்ததும் டியூப் லைட் நேராகக் கண்ணில் குத்தியது. வாசலில் யாராவது வந்து நின்றால் இடுப்புவரைதான் தெரிகிறது, முகம் தெரிய வேண்டுமானால் கழுத்தைத் திருப்ப வேண்டும். நாற்பத்தோரு நாளாக அம்மா இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் யாரும் படுத்துப் பார்க்கவில்லை; நின்றுகொண்டே பார்த்து, நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டோம்.

அம்மா இப்போது வாக்கரைப் பிடித்து ஹாலிலிருந்து சமையலறைவரை நடக்கிறாள். கம்பி வைத்தாயிற்று, டைல்ஸில் விரிசல் விடவில்லை. உங்கள் வீட்டிலிருந்து யாராவது இப்போது அப்படியோர் இடத்தில் இருந்தால், முதியோருக்கான உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். அடுத்த முறை பார்க்கப் போகும்போது ஒரு நாற்காலி கேளுங்கள். தரவில்லையென்றால் கட்டில் ஓரத்தில் உட்காருங்கள்.