ஆறு இருக்கிறது, தண்ணீர் இல்லை: டேப்லெட் பழுதுநீக்கக் கையேடு

மதுரைக்காரர்களுக்கு இந்தப் பழுதை விளக்க ஒரு நிமிடம் போதும். ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். கரை இருக்கிறது, படித்துறை இருக்கிறது, வைகை என்ற பெயரும் இருக்கிறது. வருடத்தில் பெரும்பாலான நாட்களில் தண்ணீர்தான் இருக்காது. டேப்லெட்டின் மேல்மூலையில் விரித்த விசிறிபோல வைஃபை குறி முழுசாக நின்று, அதன் பக்கத்தில் குட்டியாக ஓர் ஆச்சரியக்குறி முளைத்திருந்தால் அதற்கும் இதே பொருள்தான். ரவுட்டர் வரைக்கும் பாதை சரி. அதற்கு அப்பால் மணல்.

இந்த ஆச்சரியக்குறியை நீக்கும் வழிமுறையே இக்கையேடு. எழுதியவன் பொறியாளர் அல்ல. வீட்டில் சார்ஜர் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் என்பதால் இந்தப் பதவி வந்து சேர்ந்தது.

தேவையான பொருட்கள்: டேப்லெட் ஒன்று, ரவுட்டர் ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு போன், "அன்னைக்கே சொன்னேன்ல" என்று சொல்ல ஒரு மாமா, தேதி கிழிக்கிற தினசரி காலண்டர் ஒன்று. கடைசிப் பொருளை அலட்சியம் செய்ய வேண்டாம்.

உகந்த நேரம்: சித்ரா பௌர்ணமி, அதிகாலை நாலரை மணி. மற்ற நாட்களிலும் இந்தப் பழுது வரும். ஆனால் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில்தான் அதற்கு உரிய மரியாதை கிடைக்கிறது. எங்கள் வீட்டில் அப்படித்தான் வந்தது. அப்பத்தாவுக்கு முழங்கால் ஒத்துழைக்காது. செல்லூரிலிருந்து ஆற்றங்கரைக்கு நடந்து போகிற தூரம்தான் என்றாலும் அந்தக் கூட்டத்துக்குள் விட முடியாது. டிவியில் பார்க்கலாம் என்றால், ஹாலில் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் ஒன்பது பேர் டிவிக்கு அடியில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். போனில் காட்டினால், "சாமி எறும்பு மாதிரி தெரியுதுய்யா" என்கிறாள். ஆகவே, கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய டேப்லெட்.

முதல் படி, எல்லோருடைய ஆலோசனையையும் கேட்பது. இதைத் தவிர்க்கலாம் என்று நினைக்காதீர்கள், முடியாது. "ஏரோபிளேன் மோடப் போட்டு எடு" என்பார் ஒருவர். இது உண்மையில் நல்ல யோசனை, இணைப்பை முறித்துப் புதிதாகப் போடும். "பின்னாடி ரெண்டு தட்டு தட்டு" என்பார் உசிலம்பட்டி மாமா. அவர் வீட்டு ரேடியோ 1985 வரை அப்படித்தான் பாடியதாம்.

அடுத்து ரவுட்டரின் விளக்குகளைப் பார்க்க வேண்டும். மதுரைக்காரர்களுக்கு இதில் தனிப் பயிற்சி தேவையில்லை. அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குகிறார் என்று பார்த்துத்தான் இந்த ஊர் வருடத்தைக் கணிக்கிறது. பெட்டிக்குள் கைவிட்டு எடுக்கும் பட்டு பச்சை என்றால் விளைச்சல் நன்றாக இருக்கும், சிவப்பு என்றால் குழப்பம், சண்டை. ரவுட்டர் செய்தவனுக்கும் இதே சாஸ்திரம் தெரிந்திருக்கிறது. 'பான்' என்ற விளக்கு பச்சையாக அசையாமல் எரிந்தால் சுபம். 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாகக் கண்சிமிட்டினால் கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி வரவில்லை என்று பொருள். எலி கடித்திருக்கும், அல்லது தெருவில் குடிநீர்க் குழாய்க்கோ பாதாளச் சாக்கடைக்கோ தோண்டிய ஜேசிபி தன் கடமையைச் செய்திருக்கும். மேலூர்ப் பக்கம், திருமங்கலம் பக்கம் என்றால் கம்பி மின்கம்பங்களின் மேல் போகும். வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று போதும்.

விளக்கு பச்சையாக இருந்தும் நெட் வராத நிலைகள் இரண்டு. ஒன்று, மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்தும் நாள். உங்கள் வீட்டு ரவுட்டர் இன்வெர்ட்டரில் சொகுசாக ஓடும், கேபிள்காரரின் தெருமுனைப் பெட்டிக்கு அப்பால் இருக்கும் கருவிக்குக் கரண்ட் இருக்காது. மணமகன் மேடையில் உட்கார்ந்துவிட்டான், பெண் வீட்டார் இன்னும் பஸ்ஸில். இரண்டாவது, மாதப் பணம் கட்டாதது. இதை வீட்டுத் தலைவரிடம் நேரடியாகக் கேட்கக்கூடாது. "பேக் எந்தத் தேதி முடியுதுப்பா?" என்று காற்றிடம் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டில் எல்லாம் பச்சை. பணமும் கட்டியாகிவிட்டது. அதனால் மாமா கேபிள்காரருக்குப் போன் போட்டார்.

"தம்பி, நெட்டு வரலையேப்பா."

"அண்ணே, நான் ஆழ்வார்புரத்துல நிக்கிறேன். சாமி கிட்டத்துல வந்துருச்சு."

"அது தெரியும்யா. நெட்டு எப்ப வரும்?"

"கூட்டம் கலையட்டும்ணே. இங்கிட்டு ஒண்ணுமே கேக்கல."

அழகர்மலையிலிருந்து மதுரைக்கு இருபத்தோரு கிலோமீட்டர். ஆனால் சாமி மலையிலிருந்து புறப்பட்டு நேராக ஆற்றுக்கு வந்துவிடுவதில்லை. வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று, தீபாராதனை ஏற்று, மூன்றுமாவடியில் எதிர்சேவை கண்டு, தல்லாகுளத்தில் தங்கித்தான் வருவார். டேப்லெட்டிலிருந்து கிளம்பும் தரவுப் பொட்டலமும் இப்படித்தான். ரவுட்டர் ஒரு மண்டகப்படி. கேபிள்காரர் அலுவலகம் ஒன்று. அவருக்குக் கொடுக்கும் கம்பெனி ஒன்று. தேடுகிற தளம் வெளிநாட்டில் இருந்தால் சென்னையிலோ மும்பையிலோ கரையேறும் கடலடிக் கம்பி இன்னொன்று. வைகை பெரும்பாலும் கடலைத் தொடாமல் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுகொள்ளும். இணையத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. இதில் எந்த மண்டகப்படியில் பல்லக்கு நின்றுவிட்டாலும் உங்கள் மூலையில் அதே ஒற்றை ஆச்சரியக்குறிதான் வரும். எங்கே நின்றது என்று அது சொல்லாது.

ஆச்சரியக்குறி எப்படி முடிவெடுக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. ஆண்ட்ராய்டு டேப்லெட் வைஃபையில் சேர்ந்ததும் கூகுளின் ஒரு குறிப்பிட்ட முகவரிக்கு ஆள் அனுப்புகிறது. அங்கிருந்து '204' என்ற எண் திரும்பி வர வேண்டும். அந்த எண்ணுக்கு 'உள்ளடக்கம் ஏதும் இல்லை' என்று பொருள். அதாவது, ஒன்றுமில்லை என்ற பதில் வந்தால் எல்லாம் இருக்கிறது என்று கணக்கு. கடை திறந்திருக்கிறதா பார்த்துவிட்டு வா என்று பையனை அனுப்பி, அவன் எதுவும் வாங்காமல் வந்தால் மகிழ்வதுபோல. அவன் கையில் ஏதாவது கொண்டுவந்தால்தான் சந்தேகம். ரயில் நிலைய இலவச வைஃபையில் நடப்பது அதுதான்: 204-க்குப் பதில் "போன் நம்பரைப் போடு, ஓடிபி அனுப்புகிறேன்" என்று ஒரு பக்கம் வரும். சிம் இல்லாத டேப்லெட் வைத்திருப்பவர் பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

ரவுட்டரை அணைத்துப் போடுவது நான்காவது படியா ஐந்தாவதா, மறந்துவிட்டது. அணைத்ததும் உடனே போடாதீர்கள். அரை நிமிடமாவது விடுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து, பழைய கணக்குகளை மறந்து, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் புதிதாக விலாசம் கொடுக்க அதற்கு அவகாசம் வேண்டும். மருத்துவத்தில் இதற்கு இணையான ஒரே வைத்தியம் சுக்குக் கஷாயம்; பாதி நோய்க்குக் கேட்கும், மீதிக்குக் கெடுதல் செய்யாது. எங்கள் வீட்டில் ஒரு பக்கவிளைவு இருந்தது. ரவுட்டர் அணைந்ததும், போர்வைக்குள் போன் பார்த்துக்கொண்டு தூங்குவதாக நடித்த சொந்தக்காரர்களில் நான்கு பேர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர்களில் ஒருவர், ரவுட்டருக்குப் பின்னால் அலுமினியத் தாள் கட்டினால் அலை திரும்பி வரும் என்றார். சமையலறையிலிருந்து தாளும் எடுத்து வந்துவிட்டார். எனக்கு 2017 ஏப்ரல் நினைவுக்கு வந்தது. வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமலிருக்க, அன்றைய அமைச்சர், எங்கள் செல்லூர் ராஜு, அட்டை அட்டையாகத் தெர்மாகோலை ஒட்டி அணையில் மிதக்கவிட்டார். காற்று அதைக் கரைக்குத் தள்ளிவிட்டது. அதை வைத்து ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் நீர்ப்பரப்பை மூடி ஆவியாதலைக் குறைப்பது வெளிநாட்டில் செய்து பார்த்த முறைதான்; லாஸ் ஏஞ்சலஸ் நகரம் ஒரு நீர்த்தேக்கத்தில் கோடிக்கணக்கில் கறுப்புப் பந்துகளைக் கொட்டியது. யோசனை தப்பில்லை, பொருள்தான் தப்பு. அலுமினியத் தாளிலோ பொருளும் தப்பில்லை. அது அலையைத் திருப்பத்தான் செய்யும். எங்களிடம் அலை குறையவில்லை என்பதுதான் சிக்கல்.

இப்போது, முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனை: அதே வைஃபையில் வேறு போனில் நெட் வருகிறதா? வந்தால் கோளாறு டேப்லெட்டில். வராவிட்டால் ரவுட்டரிலோ வெளியிலோ. இரண்டே வரி. ஆனால் இதைச் செய்யும் நூறு பேரில் பெரும்பாலோர் அந்தப் போனின் மொபைல் டேட்டாவை அணைக்க மறந்துவிடுவார்கள். வைஃபை செத்துக் கிடந்தாலும் போன் சத்தமில்லாமல் சிம் வழியாகப் படம் காட்டும். நானும் மறந்தேன். அணைத்துவிட்டுப் பார்த்தபோதும் போனில் நெட் வந்தது. ஆக, தெருமுனைப் பெட்டி, கேபிள்காரர், ஜேசிபி எல்லோரும் நிரபராதிகள்.

டேப்லெட்டில் 'நெட்வொர்க்கை மறந்துவிடு' என்று ஒரு வசதி உண்டு. அழுத்துமுன் பாஸ்வேர்டு தெரியுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நான் அழுத்திய பிறகு கேட்டேன். பாஸ்வேர்டு மாற்றியபோது அதைக் காலண்டர் தாளில் எழுதி வைத்ததாக அண்ணி சொன்னாள். எங்கள் வீட்டில் தேதி கிழிக்கும் அதிகாரம் அப்பத்தாவுடையது. விடிந்ததும் கிழிப்பாள், கிழித்த தாளை எறியமாட்டாள், திருநீறு மடித்து வைப்பாள். சாமி அலமாரியில் பதினேழு பொட்டலங்கள் பிரிக்கப்பட்டன. பதினோராவதில் பாஸ்வேர்டு இருந்தது, ஓர் எழுத்தின் மேல் திருநீறு படிந்து.

சேர்ந்தது. விசிறி விரிந்தது. ஆச்சரியக்குறி அசையவில்லை.

இனி வருபவை கொஞ்சம் ஆழமான படிகள். ஐபி முகவரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் ரவுட்டர் கொடுத்த விலாசம், நல்லது. 169.254 என்றால் யாரும் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்ட பெயர், புறம்போக்கில் குடிசை போட்டதுபோல. அதை வைத்து ஊர் தாண்ட முடியாது. பிறகு 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற அமைப்பு. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் இது இருக்கிறது. விளம்பரத்தைத் தடுக்கிறேன் என்று யாராவது ஒரு பெயரை அதில் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அந்தப் பெயர்ப் புத்தகச் சேவை படுத்துவிட்டால் டேப்லெட்டுக்கு உலகத்தில் யாருடைய விலாசமும் தெரியாது. 'தானியங்கி' என்று மாற்றிவிடுங்கள். எங்களுடையது ஏற்கெனவே தானியங்கியில்தான் இருந்தது.

ஐந்தேகால். தெருவில் "கோவிந்தா" சத்தம். அப்பத்தா கட்டிலில் உட்கார்ந்தபடி, "எறங்கிட்டாரா?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். அவள் வழக்கம்போல கைநீட்டிக் காலண்டரில் நேற்றைக் கிழித்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டேப்லெட்டின் முகப்பில் பெரிய எழுத்தில் இருந்ததைப் படித்தாள்.

"ஏய்யா, இதுல என்ன கார்த்திகை மாசத்துத் தேதி போட்டுருக்கு?"

நவம்பர். அது மட்டுமல்ல, அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால் 2034.

கடைசிப் படி இதுதான்: தேதியைப் பாருங்கள். கூகுள், யூடியூப், வங்கி எதுவானாலும் ஒவ்வொரு தளமும் தன் அடையாளச் சான்றிதழைக் காட்டிய பிறகே கதவு திறக்கும். அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி உண்டு. 2020 செப்டம்பரிலிருந்து உலாவிக் கம்பெனிகள் 398 நாட்களுக்கு மேல் ஆயுள் உள்ள புதிய சான்றிதழ்களை ஏற்பதில்லை. அந்த வரம்பையும் படிப்படியாகச் சுருக்கி 2029-இல் 47 நாளாக்க முடிவெடுத்திருக்கிறார்கள். 2034-இல் உட்கார்ந்திருக்கும் டேப்லெட்டின் கண்ணுக்கு உலகத்தின் அத்தனை சான்றிதழ்களும் காலாவதி. ஆகவே யாரையும் நம்பாது, யாருடனும் பேசாது, "இணையம் இல்லை" என்று கையை விரிக்கும். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு நேரம் தவறி வந்த அழகர் ஊருக்குள் நுழையாமல் வண்டியூருக்குத் திரும்பினார் என்று கதை. நேரத்துக்கு முன்னால் போய்விட்டதற்கும் அதே தண்டனைதான் போலிருக்கிறது.

வழக்கமாக டேப்லெட் தன் நேரத்தை நெட்டிலிருந்து தானே திருத்திக்கொள்ளும். யாரோ அந்தத் 'தானியங்கி நேரம்' பொத்தானை அணைத்திருந்தால்தான் இப்படி ஆகும். யாரோ என்று நான் சொன்னபோது, ஏழாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

போர்வையை விலக்கினோம். வாக்குமூலம் சுருக்கமாக இருந்தது. விளையாட்டில் உயிர் தீர்ந்தால் அடுத்த உயிருக்கு அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். தேதியைத் தள்ளி வைத்தால் உடனே கிடைக்கும். ஒரு நாள் தள்ளினாலே போதும், பயல் வருடச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டிருக்கிறான்.

பொத்தானைப் போட்டேன். ஆச்சரியக்குறி போயிற்று. திரையில் வைகை வந்தது, அணை திறந்துவிட்ட தண்ணீரோடு. தங்கக் குதிரை இன்னும் கரையில்தான் நின்றது, கூட்டத்துக்கும் பீய்ச்சும் தண்ணீருக்கும் நடுவே பட்டின் நிறம் பிடிபடவில்லை. மாமா, "தட்டுனதாலதான் வந்துச்சு" என்றார்.

அப்பத்தா பேரனைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள்.

"ஏன்டா, அம்புட்டு வருசம் முன்னாடி போயிட்டு வந்தியே, அங்கிட்டு அழகர் என்ன கலர் பட்டு கட்டியிருந்தாரு?"

"பாக்கல அப்பத்தா," என்றான். "அஞ்சு உசுருதான் குடுத்துச்சு."