கண்ணாடிச் சுவருக்குக் கல்தா

ஹால் சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்தவர்கள் இப்போது அதைக் கழற்றத் தொடங்கியிருப்பது பாராட்டுக்குரியது. பத்துக்குப் பன்னிரண்டு ஹாலை இரு மடங்காகக் காட்டும் என்றார்கள். காட்டியது. வந்த விருந்தாளிகளையும் அப்படியே இரு மடங்காக்கியது. நல்லவேளை, சொத்துவரிக்கு அளக்க வந்தவர் கண்ணாடிக்கு உள்ளே போய் அளக்கவில்லை.

கழற்றுவது வெகு சுலபம். பின்னால் இருப்பது சிலிகான் பசைதான். இழுத்தால் கண்ணாடி வரும். கூடவே சிமென்ட் பூச்சும் வரும். அதிர்ஷ்டமிருந்தால் பக்கத்து வீட்டுக்காரரும் வருவார். ஆகவே மூடிவிடுவதே நாகரிகம். மேலே பிளைவுட், அதன்மேல் வால்பேப்பர். கண்ணாடி உள்ளேயே கிடந்து பிளைவுட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பாவம், அதுவும் எத்தனை காலம்தான் நம் முகத்தையே பார்க்கும்?

பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த விவரம் போதாது. வெர்சாய் அரண்மனையில் 1684-இல் கட்டி முடித்த 73 மீட்டர் கூடத்தில் 357 கண்ணாடிகளை இன்னும் கழற்றாமல், டிக்கெட் போட்டு வேறு காட்டுகிறார்கள். நல்ல வாஸ்து நிபுணர் கிடைக்கவில்லை போலும்.

மூடி முடித்ததும் டிசைனர் வந்து பார்த்தார். ஹால் சின்னதாகத் தெரிகிறதாம். எதிர்ச் சுவரில் பெரிய கண்ணாடி வைக்கலாமாம். கொட்டேஷன் வந்துவிட்டது. ஜிஎஸ்டி தனி.