கேட்பியல்: ‘அந்த’ ரெக்கார்டிங் பற்றி நூற்பாவும் உரையும்

பாயிரம் இல்லாமல் நூலுக்குள் நுழைவது முறையன்று. ஆகவே முதலில் எல்லை: வடக்கே அருணாசல மலை, கிழக்கே சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமம், தெற்கே ரமண நகர்ச் சந்துகள், மேற்கே கிரிவலப் பாதை செங்கம் சாலையை விட்டு வலப்பக்கம் பிரியும் முனை. காலம்: கார்த்திகை தீபக் கூட்டம் கலைந்தது முதல் மாசி வெயில் ஏறும் வரை. இக்காலத்தில் இவ்வெல்லைக்குள் வாடகைக்கு இருக்கும் வெளிநாட்டார் சாயங்காலமானால் மொட்டை மாடியில் உட்கார்ந்து இசை கேட்பர். அதிலும் ஒருவர் ஒரே இசையின் ஒரே பதிவை மட்டும் வருஷக் கணக்காகக் கேட்பார். ஏன் என்பதே இந்நூல் நுதலிய பொருள். கேட்போர்: பக்கத்து வீட்டார், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். பயன்: தெரிந்தவரை இல்லை.

நூற்பா 1.
முதலிற் கேட்டதே மூலப் பதிவாம்;
பிறவெலாம் அதனின் பிழையே என்ப.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், ரசிகன் தன் ரெக்கார்டிங்கை அடையும் நெறி உணர்த்துதல் நுதலிற்று. ரசிகன் பத்துப் பதிவுகளை வாங்கி, ஒப்புநோக்கி, நல்லதைத் தேர்கிறான் என்று முன்னோர் சிலர் கருதினர். அது பொருந்தாது. இருபது வயதில் எவனோ ஒரு நண்பன் வீட்டில் எந்தப் பதிவு ஓடிக்கொண்டிருந்ததோ அதுவே அவனுக்கு வாய்த்தது. ஒப்புநோக்கு பிற்பாடு நடக்கிறது. தீர்ப்பு எழுதிவிட்டுச் சாட்சியைக் கூப்பிடுகிற வழக்கு அது.

எடுத்துக்காட்டு: செர்கேய் ராக்மனினாஃபின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ. 1897-இல் தம் முதல் சிம்ஃபனி அரங்கேற்றத்திலேயே கவிழ, மனிதர் மனமொடிந்து எழுதுவதை விட்டார். நிக்கோலாய் டால் என்ற மருத்துவர் மனவசிய முறையில் பேசிப் பேசி அவரைத் தேற்றினார். தேறியவர் இதை எழுதி, 1901-இல் மாஸ்கோவில் தாமே வாசித்து, அந்த மருத்துவருக்கே காணிக்கையாக்கினார். வைத்தியருக்கு ஃபீஸ் கொடுத்த வகையில் இதற்கு இணை உண்டா என்று தேடினேன், அகப்படவில்லை. தொடக்கத்தில் வாத்தியக் கோஷ்டி சும்மா இருக்க, பியானோ மட்டும் எட்டு முறை கனமாக முழங்கும். சன்னமாகத் தொடங்கி, ஒன்றைவிட ஒன்று பெருத்து, எட்டாவதில் வீடு அதிரும். ஒவ்வொரு முழக்கத்துக்கும் அடியில் ஒரே மந்தர ஸ்வரம் திரும்பத் திரும்ப விழும். அப்புறம்தான் வயலின்கள் பாட்டை எடுக்கும்.

நம் ஆய்வுக்குரிய ‘அந்த’ ரெக்கார்டிங், ஸ்வியாதொஸ்லாவ் ரிக்தர் 1959-இல் வார்சா ஃபில்ஹார்மனிக்கோடு வாசித்தது; நடத்துநர் ஸ்தானிஸ்லாவ் விஸ்லொட்ஸ்கி. இதில் அந்த எட்டு முழக்கமும் வருகிற நிதானம் இருக்கிறதே, இரண்டுக்கு நடுவே ஒரு ஷேர் ஆட்டோ பிடித்துவிடலாம். ஆய்வுக்கு இசைந்த அன்பர் (பெயர் வேண்டாம், ஐரோப்பியர், தலை நரைத்தவர்) இந்த எட்டு முடியும்வரை கண்ணைத் திறக்க மாட்டார். டீ ஆறினாலும் சரி.

அவருக்கு மாடியை வாடகைக்கு விட்ட அம்மாளிடம் களவிசாரணை நடத்தினேன்.

“இன்னா சார் பண்றது? சாமி நல்ல மனுசன்தான். வாடகை ஒண்ணாந்தேதி டாண்ணு வந்துரும். ஆனா டெய்லி அந்த மணியடிக்கிற பாட்டு. நம்ம கோயில்ல கூட இப்படி இழுத்து இழுத்து அடிக்க மாட்டாங்க.”

இது இசைவிமர்சனமாகவே குறிக்கத்தக்கது. ராக்மனினாஃபுக்கு இளவயதில் கேட்ட ரஷ்யத் தேவாலய மணிகளின் மேல் தீராத மோகம்; மேல்நாட்டு விமர்சகர்கள் அந்த எட்டு முழக்கத்தையும் மணியோசை என்றே எழுதுகிறார்கள். அம்மாள் ஒரு புத்தகமும் புரட்டாமல், கீழ்வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டே அதைச் சொல்லிவிட்டார்.

இனித் தடை. இயற்றியவர் தாமே வாசித்த பதிவு இருக்கும்போது இன்னொருவர் வாசித்தது எப்படி மூலமாகும் எனின், கூறுதும். ராக்மனினாஃப் 1929-இல் லெயோபால்ட் ஸ்தொகோவ்ஸ்கியோடும் பிலடெல்ஃபியா கோஷ்டியோடும் இதைப் பதிந்திருக்கிறார். ரிக்தரோடு ஒப்பிட, நல்ல வேகம். தேவையில்லாமல் எங்கும் நிற்கமாட்டார். இதை நான் அன்பரிடம் எடுத்துச் சொன்னபோது அவர் முகத்தில் இரக்கம் தோன்றியது. அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலு நிமிஷம் சொச்சம்தான் கொள்ளும், பாவம் அவசரப்பட்டிருக்கிறார் என்றார். நேரம் போதாவிட்டால் இன்னும் ஒரு தட்டுப் போட்டிருக்கலாமே என்றேன். சற்று யோசித்துவிட்டு, ராக்மனினாஃபுக்குத் தம் இசை சரியாகப் புரியவில்லை என்று முடித்தார். இவ்விடை வலுவுடைத்து. இதற்குமேல் ஒரு தடையும் நிற்காது.

இவ்வாதம் மேல்நாட்டாருக்கே உரித்தோ எனின், அன்று. நம் பக்கம் இதைவிட முற்றிய நிலை. வேங்கடேச சுப்ரபாதத்தை இயற்றியவர் பிரதிவாதி பயங்கரம் அண்ணன், 15-ஆம் நூற்றாண்டினர், மணவாள மாமுனிகளின் சீடர். ஆனால் செங்கம் சாலை டீக்கடைகளைப் பொறுத்தவரை அது தோன்றியது 1963-இல், எம்.எஸ். சுப்புலட்சுமி, ராதா விஸ்வநாதன் துணையோடு, எச்.எம்.வி. தட்டில். வேறு யார் பாடினாலும் “சுப்ரபாதம் மாதிரி இருக்கு” என்பார்களே தவிர, சுப்ரபாதம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 1963-க்கு முந்தி ஐந்நூறு வருஷம் பெருமாள் எதைக் கேட்டு எழுந்தார் என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. தோடியும் அவ்வாறே. அந்த ராகத்தை நூறு வித்துவான்கள் வாசித்திருக்கலாம்; திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தட்டு வீட்டில் ஓடிப் பழகிய கிழவருக்கு மற்ற நூறும் தோடி கற்றுக்கொள்ளும் முயற்சிகள். அந்தத் தட்டை வைத்துக்கொண்டு தம் மகன் வாசிப்பையே திருத்திய நாகஸ்வரக்காரர்கள் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஊகம் என்றே குறித்துக்கொள்க.

நூற்பா 2.
கீறலும் இரைச்சலும் இழுவையும் நாளடைவில்
கூறிய குணத்தொடு கூடும் என்ப.

அன்பரிடம் இருந்தது கடையில் வாங்கிய சரக்கல்ல. நண்பனின் இசைத்தட்டிலிருந்து கேசட்டில் ஏற்றியது. அத்தட்டில் ஒரு கீறல். இரண்டாம் பகுதியில் புல்லாங்குழல் பாடிக் கிளாரினெட் வாங்கிக்கொள்ளும் இடத்தில் ஒரு ‘டக்’. முப்பது வருஷமாக அந்த ‘டக்’குக்குச் சரியாகச் சுட்டுவிரலைத் தூக்கி வந்தவருக்கு, அவர் மகள் சுத்தம் செய்த டிஜிட்டல் பிரதியை அனுப்பிவைத்தாள். விரல் உயர்ந்தது, ‘டக்’ வரவில்லை. அன்று அவர் இரவு சாப்பிடவில்லை என்று வீட்டுக்கார அம்மாள் உறுதி செய்தார்.

இதற்கு உள்ளூர் மேற்கோளும் உண்டு. ஒரு டீக்கடைக்காரரின் பழைய டேப்ரிக்கார்டரில் பெல்ட் தளர்ந்து, எம்.எஸ். அம்மாவின் சுருதி அரைக்கட்டை இறங்கி, நடையும் அதற்கேற்ற நிதானத்தில் வெகுகாலம் ஓடியது. சமீபத்தில் அவர் ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிப் போட்டார். முதல் நாள் காலை, பால் காய்ந்துகொண்டிருக்கும்போதே ஸ்பீக்கரைப் பார்த்து, “அம்மா ஏன் இன்னிக்கு இப்படிப் பறக்கறாங்க?” என்றார். எம்.எஸ். பறக்கவில்லை. அறுபது வருஷத்துக்கு முன் பாடிய கதியில்தான் பாடினார். பெல்ட்டைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது?

வாசித்தவரின் விசித்திரங்களும் இந்நூற்பாவில் அடங்கும். ரிக்தர் கடைசிக் காலத்தில் அரங்கு விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு, ஸ்வரத்தாளின் மேல் மட்டும் ஒரு சின்ன விளக்கை வைத்துக்கொண்டு வாசிப்பார். சபையோர் தம் முகத்தைப் பார்க்காமல் இசையைக் கேட்கட்டும் என்பது நோக்கம். இதைச் சொன்னால் வீட்டுக்கார அம்மாள் நம்பவில்லை. அந்த ஊரிலும் கரண்ட் கட்டா என்று கேட்டார்.

நூற்பா 3.
ஒருபதி வுடையார் ஒருங்குகூ டுழியே
பெரும்பகை தோன்றும்; பேச்சு நின்றிடும்.

இச்சூத்திரம் உட்பூசல் உணர்த்துதல் நுதலிற்று. ஒரு மார்கழி மாலை அதே மாடிக்கு வேறு இருவர் வந்தனர். ஒருவர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் கட்சி: 1956-இல் சிகாகோவில், ஃபிரிட்ஸ் ரைனர் நடத்த வாசித்தது. மற்றவர் விளாதிமிர் அஷ்கெனாசி, ஆந்த்ரே ப்ரெவின் கட்சி. மூவரும் ரமண பகவானிடம் வந்தவர்கள்; ‘நான் யார்’ என்று வருஷம்தோறும் விசாரிப்பவர்கள்; கோபம் குறைந்ததாகத் தாங்களே நம்புகிறவர்கள். எட்டு முழக்கத்தின் வேகம் பற்றிப் பேச்சு எழுந்தது. காஞ்சிபுரத்தில் யானைக்கு எந்த நாமம் சாத்துவது என்று வடகலையும் தென்கலையும் கோர்ட்டுக்குப் போனது நினைவுக்கு வந்தது. இங்கே கோர்ட் இல்லாததால் ரூபின்ஸ்டைன் கட்சியார் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மறுநாள் காலை ஆசிரமத்துச் சமாதி மண்டபத்தில் மூவரும் மூன்று தூண்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்பூசலுக்கு வழியே வைக்காதவர் ஒருவர் இவ்வட்டாரத்தில் இருந்தார் என்பதை இங்கே கூறாமல் விடலாகாது. ரமணர் 1896-இல் இம்மலைக்கு வந்து 1950-இல் உடல் நீத்தார். கிராமஃபோனும் ரேடியோவும் கொடிகட்டிப் பறந்த காலம் அது. அவருடைய படம் ஆயிரம் உண்டு. அசையும் படமும் உண்டு. குரல் மட்டும் ஒரு நாடாவிலும் இல்லை என்றே ஆசிரமத்துப் பழையவர்கள் சொல்வார்கள். விரூபாட்சிக் குகையில் இருந்த காலத்தில், ஊருக்குள் பிட்சைக்கு இறங்கும் அடியார்கள் பாடிச் செல்வதற்காக அவர் இயற்றிக் கொடுத்தது அருணாசல அக்ஷரமணமாலை, 108 கண்ணிகள். அதை இன்று கேரளத்தார் ஒரு மெட்டிலும், பெங்களூர்க்காரர் ஒரு மெட்டிலும், ஜெர்மானியர் மூச்சு வாங்க ஒரு மெட்டிலும் பாடுகிறார்கள். ஒருவருக்கொருவர் மனஸ்தாபம் கிடையாது. அவர் பாடியே ஒரு கேசட் வந்திருந்தால், அதைக் கேட்டுவிட்டு “சாமிக்குக் காலப்பிரமாணம் கொஞ்சம் போதாது” என்று சொல்ல நம் ஊரில் ஆள் இருந்திருக்கும். ராக்மனினாஃபுக்கு நேர்ந்தது இவருக்கு நேரவில்லை.

புறனடை.
கூறாது விடுத்தவை கூறியவற் றியலால்
வேறுள வாயினும் கொள்ளப் படுமே.

வேறு உளதாய் ஒன்று கிடைத்தது. வீட்டுக்கார அம்மாளின் பேரன், ஒன்பதாம் வகுப்பு. எட்டு முழக்கத்தையும் வெட்டிப் பாட்டியின் செல்போனுக்கு ரிங்டோன் வைத்தவன் அவன்தான். அம்மாள் நாலாவது முழக்கத்திலேயே “அலோ” என்று எடுத்துவிடுவதால், பிற்பாதி நாலு முழக்கமும் எண்ணெய் வாங்கப் போன நேரத்தில் மிஸ்டு காலாகத்தான் ஒலிக்கும். வெட்டுவதற்காக அவன் ஒருநாள் மாடிப்படியில் செல்போனை வைத்து, மேலே ஓடிய முழுக் கான்செர்ட்டோவையும் பதிந்திருந்தான். அதில் கிளாரினெட்டுக்குப் பின்னால் ஆசிரமத்து மயில் ஒன்று அகவுகிறது. கடைசிப் பகுதியில் மூன்று குக்கர் விசில். நடுவில் “எலேய், மோட்டர ஆஃப் பண்ணு” என்று ஒரு பெண் குரல்.

அன்பர் பெரிய மனசோடு தம் விலையுயர்ந்த ஹெட்ஃபோனை அவன் காதில் மாட்டி, சுத்தமான பிரதியைப் போட்டுக் காட்டினார். பையன் மரியாதைக்காகப் பத்து நிமிஷத்துக்கு மேலேயே கேட்டான். இரண்டாம் பகுதியில் கிளாரினெட் வந்து போனதும் கழற்றிக் கொடுத்துவிட்டான்.

“இது வேற, அங்கிள். மயிலு வரல.”

நூற்பா 1 நிறுவப்பட்டது என்று நான் குறிப்பேட்டை மூடப் போனேன். அன்பர் பையனின் போனை வாங்கி, அந்தப் பதிவை முழுக்க, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மயில் அகவிய இடத்தில் சுட்டுவிரல் தானாக உயர்ந்தது. முடிந்ததும், இதை எனக்கு அனுப்ப முடியுமா என்று தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

“முப்பது எம்.பி. அங்கிள்,” என்றான் பையன். “உங்க வைஃபை பாஸ்வேர்ட் சொல்லுங்க.”